பழைய மோட்டார்ஹோம்: பழுது பார்ப்பதா, மாற்றிவிடுவதா?

பழைய மோட்டார்ஹோம் வாங்கப் போகிறவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது ஓடோமீட்டரைத்தான். இருபது வருட வண்டி, ஓடியதோ எழுபதாயிரம் கிலோமீட்டர்தான் என்றால் முகம் மலர்ந்துவிடும். நானும் அப்படி மலர்ந்தவன்தான். இன்ஜின் விஷயத்தில் ஏமாறவும் இல்லை. இன்றைக்கும் சாவியைத் திருப்பிய உடனே பிடித்துக்கொள்கிறது. ஆனால் மோட்டார்ஹோம் என்பது லாரி மேல் கட்டிய வீடு. லாரி எவ்வளவு ஓடியது என்பது மீட்டரில் தெரியும். வீடு எத்தனை மழையைக் குடித்தது என்பதை எந்த மீட்டரும் சொல்லாது.

வாங்கிய பிறகு ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பஞ்சாயத்து வரும். இருப்பதைச் சரிசெய்து ஓட்டுவதா, கழற்றிப் போட்டுவிட்டுப் புதிய தலைமுறைச் சாமானைப் பொருத்துவதா? இரண்டு கட்சிக்கும் ஆள் உண்டு. 'பழசுக்குச் செலவு செய்வது வீண்' என்பார் ஒருவர். 'தொழிற்சாலையில் போட்டதைக் கலைக்காதே' என்பார் இன்னொருவர். நான் இப்போது கேட்பது ஒரே கேள்வி: புதுசு தனியாக வருகிறதா, பின்னால் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறதா?

கூரை: பூச்சு, ஒட்டு, முழு மாற்று

கூரையை முதலில் பார்த்துவிடுவோம். இங்கே தவறினால் மற்றதைப் பேசுவதில் அர்த்தமே இல்லை.

பழைய வண்டிகளின் கூரை அலுமினியத் தகடாகவோ, ஃபைபர் கிளாஸாகவோ, மெல்லிய பிளைவுட் மேல் ஒட்டிய இபிடிஎம் ரப்பர் விரிப்பாகவோ இருக்கும். மூன்றிலும் தண்ணீர் பெரும்பாலும் நட்டநடுக் கூரையில் இறங்காது. ஓட்டை போட்ட இடத்தில்தான் இறங்கும்: காற்றுப்போக்கி, ஸ்கைலைட், ஆன்டெனா, ஏசி அமர்ந்திருக்கும் சதுரம், ஓரத்தில் ஓடும் அலுமினியப் பட்டியின் திருகுகள். டிரைவர் தலைக்கு மேல் படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் வண்டியானால் அந்த மூக்கின் மூட்டுகளைத் தனியாகப் பார்க்கவேண்டும். ஓடும்போது மழை அங்கேதான் நேராக வந்து மோதும்.

என் வண்டியில் அந்தப் படுக்கையின் மூலை பார்வைக்கு நன்றாகவே இருந்தது. சுவர்க் காகிதத்தில் ஒரு கறை இல்லை. கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். ஊறிய அட்டையில் போவதுபோல் நகம்வரை உள்ளே போனது. அதற்குமேல் ஈரமானிக்கு வேலை இல்லை.

ஒட்டுவேலை என்பது நீர் புகாமல் அடைக்கும் பழைய பசையை, அதாவது சீலன்டை, சுரண்டி எடுத்து, விளிம்புக்கு அடியில் பியூட்டைல் டேப் என்ற பிசுபிசுப்பான ரப்பர் நாடா வைத்துத் திருகி, மேலே புதிய சீலன்ட் போடுவது. படுக்கையான பரப்பில் தானே பரவிச் சமமாகும் வகை. செங்குத்தான பக்கத்தில் வழியாத வகை. எனக்கு முன் வண்டியை வைத்திருந்த புண்ணியவான் எல்லா இடத்திலும் சிலிக்கோனைத் தடவியிருந்தார். சிலிக்கோன் காய்ந்த பரப்பில் அடுத்து எதுவும் ஒட்டாது, புதிய சிலிக்கோன்கூட. பிளாஸ்டிக் சுரண்டியோடு இரண்டு நாள் கூரைமேல் தவழ்ந்தேன். ரப்பர் கூரை என்பதால் பெட்ரோல், டர்பன்டைன் மாதிரிக் கரைப்பான்களையும் தொட முடியாது. ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

திரவப் பூச்சு பார்க்கச் சுலபம். உருளையால் உருட்டினால் கூரை புதுசுபோல வெளுத்துவிடும். மரம் காய்ந்திருந்தால் நல்ல காப்புதான். உள்ளே ஈரம் இருக்கும்போது பூசினால், வெளியேற வழியில்லாமல் மரம் மூடிய பெட்டிக்குள் அழுகும். விற்பதற்கு முன் அவசரமாக அடித்த பூச்சுகளை நான் இந்தக் கண்ணோடுதான் பார்ப்பேன்.

முழு விரிப்பையும் மாற்றுவதென்றால் கூரையில் இருக்கும் எல்லாவற்றையும் கழற்றவேண்டும். நடக்கும்போது கால் அமுங்குகிறதா? அப்படியானால் அதுதான் வழி. கூடவே மரமும் மாறும். அமுங்கவில்லை என்றால் ஒட்டுவேலையும், வருடத்துக்கு இரண்டு முறை மேலே ஏறிப் பார்ப்பதும் போதும். வெள்ளைக் கோடுகளாக ரப்பர் வழிந்து சுவரில் இறங்குவதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். மேல்பரப்பு வெயிலில் பொடியாகிக் கரைவது அது. அசிங்கம்தான், ஒழுகல் அல்ல.

ஃபிரிட்ஜ்: தீயில் குளிர்வதா, மோட்டாரில் குளிர்வதா

பழைய மோட்டார்ஹோமில் எனக்கு மிகவும் பிடித்த சாமான் இதுதான், அதனால் கொஞ்சம் நீளும்.

தொழிற்சாலையில் பொருத்தி வந்தது அநேகமாக உறிஞ்சு வகை ஃபிரிட்ஜாக இருக்கும். 1922-இல் ஸ்டாக்ஹோமில் பால்ட்சார் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் உருவாக்கிய ஏற்பாடு. மோட்டார் இல்லை, பம்பு இல்லை, அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. கீழே சின்னத் தீ எரியும். அம்மோனியா கலந்த தண்ணீர் சூடாகி, அம்மோனியா ஆவியாகப் பிரிந்து மேலே போகும். பின்பக்கச் சிறகுகளில் குளிர்ந்து திரவமாகும். ஹைட்ரஜன் நிரம்பிய குழாயில் மீண்டும் ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும். கடைசியில் தண்ணீரோடு சேர்ந்து கீழே திரும்பும். தீ வைத்தால் குளிர்கிறது என்பதை இன்றைக்கும் என்னால் முழுசாக நம்ப முடியவில்லை.

சமையல் எரிவாயு ஒரு நாளைக்கு அரைக் கிலோ அளவுக்குத்தான் செலவாகும். சத்தமே இராது. மின்சாரமே இல்லாத இடத்தில் வாரக்கணக்கில் நிற்கிறவருக்கு இதற்கு ஈடு கிடையாது.

அதன் கோபமும் அதே அமைப்பில்தான் இருக்கிறது. உள்ளே திரவத்தை நகர்த்துவது புவியீர்ப்பு மட்டுமே; வண்டி சாய்ந்து நின்றால் திரவம் ஓரிடத்தில் தேங்கிவிடும், கொதிகலன் வறண்டு சூடேறும். ஓடும்போது குலுங்கிக்கொண்டே இருப்பதால் பிரச்சினை இல்லை. சரிவில் நிறுத்திவிட்டு மூன்று நாள் எரியவிடுவதுதான் உயிரை வாங்கும். வெளியே கடும் வெயில் என்றால் திணறும். காலையில் சாமான் ஏற்ற, முந்தின இரவே பற்றவைக்கவேண்டும். எரிவாயு, வெளி மின்சாரம், 12 வோல்ட் பேட்டரி என்று மூன்று வகை சக்தியில் ஓடும் மாடல்களில் 12 வோல்ட் முறை இன்ஜின் ஓடும்போது மட்டும்தான். உள்ளே இருப்பது ஹீட்டர், பத்து ஆம்பியருக்கு மேல் விடாமல் இழுக்கும். நின்ற வண்டியில் மறந்து விட்டுவிட்டால் விடிவதற்குள் பேட்டரி காலி.

கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் வீட்டில் இருப்பதன் தம்பி. ஓரிரு மணி நேரத்தில் குளிரும், சரிவைப் பொருட்படுத்தாது, வெயிலுக்கும் அசராது. நடுத்தர அளவுள்ளது ஓடும்போது நாலைந்து ஆம்பியர் எடுக்கும். விட்டுவிட்டு ஓடுவதால் ஒரு நாளுக்கு 30 முதல் 50 ஆம்பியர்-மணி (ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஓர் ஆம்பியர்-மணி). இரவில் ஒரு முனகல் கேட்கும். தலைமாட்டுக்குப் பக்கத்தில் ஃபிரிட்ஜ் இருக்கும் வண்டியில் தூக்கம் லேசானவர்கள் இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

இந்த அளவில் பார்த்தால் கம்ப்ரஸர்தான் ஜெயிக்கிறது. கூட வருகிற கூட்டத்தையும் எண்ணிப் பாருங்கள். பழைய ஃபிரிட்ஜுக்காக வெட்டிய வெளிச்சுவர்த் துளைகளை அடைத்து வெப்பக்காப்பு வைக்கவேண்டும், அதே சமயம் கம்ப்ரஸருக்குக் காற்றும் போகவேண்டும். எரிவாயுக் குழாயை விஷயம் தெரிந்தவர் அடைத்துக் கசிவு பார்க்கவேண்டும். பிறகு ஒயர். என் நண்பர் ஒருவர் புதுக் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜை மாட்டிவிட்டு, 'பேட்டரி நிறைய இருந்தும் ராத்திரியில் நின்று நின்று போகிறது' என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். மீட்டரை எடுத்துப் போனேன். பேட்டரி முனையில் 12.3 வோல்ட். ஃபிரிட்ஜின் பின்னால், கம்ப்ரஸர் கிளம்பும் நேரத்தில், 11.4. பழைய ஃபிரிட்ஜின் கன்ட்ரோல் போர்டுக்கு மட்டும் கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்த மெல்லிய ஒயரிலேயே புதுசையும் மாட்டியிருந்தார். ஃபிரிட்ஜ், வோல்ட் இறங்கினால் அணையும் தன் பேட்டரிப் பாதுகாப்பின்படி ஒழுங்காகத்தான் அணைந்துகொண்டிருந்தது. ஆறு சதுர மில்லிமீட்டர் ஒயரை நேராக இழுத்ததும் வியாதி போய்விட்டது.

அதனால் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை. எரிவாயுவில் குளிரவில்லை, வெளி மின்சாரத்தில் குளிர்கிறது என்றால் குளிரூட்டும் பகுதி நலமாக இருக்கிறது, குறை பர்னரில். எனக்கு நேர்ந்தது இதுதான். வெளிப்பக்கக் கீழ்மூடியைத் திறந்து பார்த்தால், புகைக்குழாயிலிருந்து உதிர்ந்த துருச் செதில்கள் பர்னர் மேல் குவிந்திருந்தன, தீ மஞ்சளாக அலைந்தது. எரிவாயுவை மூடிவிட்டுப் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்து, எரிவாயு வரும் நுண்துளையான ஜெட்டை ஆல்கஹாலில் ஊறவைத்து ஊதினேன். ஜெட்டில் ஊசி விட்டுக் குத்தவே கூடாது. துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் தீ கெட்டுவிடும். மாட்டியதும் நீலத் தீ. செலவு என்று சொல்ல எதுவும் இல்லை.

இரண்டு முறையிலும் சூடேறி, இரண்டிலும் குளிரவில்லை என்றால்தான் குளிரூட்டும் பகுதி செத்ததாகக் கணக்கு. அம்மோனியா நெடியோ, பின்பக்கக் குழாய்களில் மஞ்சள் பொடியோ தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே கலந்த குரோமேட் கசிந்து காய்ந்த பொடி அது. நச்சு, வெறுங்கையால் தொடாதீர்கள். அப்போதும் பெட்டியை வைத்துக்கொண்டு பின்பக்கக் குளிரூட்டும் பகுதியை மட்டும் மாற்ற முடியும். புதுப்பித்த பகுதிகள் தனியாகவே விற்கின்றன. கூட்டம் சேர்க்காமல் தனியாக வரும் விருந்தாளி அது.

பேட்டரி: ஈயம், லித்தியம்

கம்ப்ரஸரைத் தேர்ந்தெடுத்தால் பஞ்சாயத்து நேராகப் பேட்டரிக்கு வந்து சேரும். நூறு ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரியில் பாதிக்குக் கீழே இறக்காமல் இருந்தால்தான் அது நாள்பட உழைக்கும். கையில் இருப்பது ஐம்பது. ஃபிரிட்ஜே நாற்பது தின்றால் விளக்குக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் மிச்சம் என்ன?

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் நூறில் எண்பது, தொண்ணூறுவரை தாராளமாக எடுக்கலாம். அதே கொள்ளளவு ஈயத்தில் 25 முதல் 30 கிலோ. இது பன்னிரண்டு கிலோ அளவில் முடிந்துவிடும். பழைய வண்டிகள் எடை வரம்பை ஒட்டியே நிற்பதால் இது சின்ன லாபம் அல்ல. முறையாக வைத்துக்கொண்டால் ஆயிரக்கணக்கான சுற்றுகள் தாங்கும்.

அதன் கூட்டம்? பழைய வண்டியின் சார்ஜர் 13.6 வோல்ட்டில் நிலையாக நிற்கும் ரகம் என்றால், லித்தியத்தை மெதுவாக ஏற்றும். செல்களைச் சமன்செய்யத் தேவையான 14 வோல்ட்டுக்கு மேல் எட்டிக்கூடப் பார்க்காது. ஆக சார்ஜர் மாறும். இன்ஜின் சுழற்றிக் கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரோடு நேராகச் சேர்த்தால் லித்தியம் கிடைக்கிற கரண்ட்டையெல்லாம் உறிஞ்சும்; ஐடிலில் விசிறி மெதுவாகச் சுற்றும்போது ஆல்டர்னேட்டர் வெந்துபோகும். ஆக கரண்ட்டை அளவோடு விட நடுவில் ஒரு டிசி-டிசி சார்ஜர். உறையும் குளிரில், பூஜ்யத்துக்குக் கீழே, சார்ஜ் ஏற்றக் கூடாது. அதைத் தானே தடுக்கும் வசதி உள்ளதா என்று பார்த்து வாங்கவேண்டும். வோல்ட்மீட்டரைப் பார்த்து மிச்சத்தைக் கணிக்கும் பழக்கமும் போய்விடும். ஈயத்தில் 12.7 என்றால் நிறைவு, 12.1 என்றால் பாதி என்று கண்ணால் தெரியும். லித்தியம் கடைசிவரை ஒரே வோல்ட்டில் நின்றுவிட்டுத் திடீரென்று விழும். போகும் வரும் கரண்ட்டை அளக்கும் ஷன்ட் வைத்த மானிட்டர் ஒன்று அவசியம்.

சூரியத் தகடு போட்டுச் சமாளிக்கலாமே என்றால், 200 வாட் தகடு நல்ல வெயில் நாளில் ஐம்பது ஆம்பியர்-மணியைச் சுற்றித் தரும். ஃபிரிட்ஜுக்குச் சரியாகப் போகும். ஆனால் தகட்டை எங்கே திருகுவீர்கள்? கூரையில். இரண்டு நாள் தவழ்ந்து அடைத்த கூரையில் எட்டுப் புதிய ஓட்டைகள்.

என் தீர்ப்பு வண்டி நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு இரவும் முகாமில் கரண்ட் மாட்டுகிறவர் ஈயத்தை மாற்றவே வேண்டியதில்லை. தண்ணீர் மட்டத்தைப் பார்த்து வாலைவடிநீர் ஊற்றினால் போதும். மின்சாரமில்லாத இடங்களில், சமதரையில், நிழலில் நாள்கணக்காக நிற்கிறவர் உறிஞ்சு ஃபிரிட்ஜை விடவே கூடாது. கொளுத்தும் வெயிலில் அடிக்கடி இடம் மாறுகிறவருக்குக் கம்ப்ரஸரும் லித்தியமும்; ஆனால் இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுங்கள். ஒன்றை இந்த வருடம், மற்றதை அடுத்த வருடம் என்று பிரித்தால் நடுவில் இருக்கும் ஒரு வருடம் நரகம். மூடிய வகை ஈயப் பேட்டரியான ஏஜிஎம் நடுவழி என்பார்கள். தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம், எடை அப்படியே. எனக்கு அதில் பெரிய ஆர்வம் வந்ததில்லை.

டயர்

இதில் பஞ்சாயத்தே இல்லை. மோட்டார்ஹோம் டயர் தேய்ந்து சாவதைவிட நின்றே கிழவனாகிச் சாவதுதான் அதிகம். பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. ஏழு வருடம் தாண்டினால் தேடத் தொடங்குங்கள். பத்து தாண்டியதைப் பட்டன் புதுசாக இருந்தாலும் கழற்றிவிடுங்கள்.

என் உறிஞ்சு ஃபிரிட்ஜ் இன்னும் எரிகிறது. ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாலும் கீழ்மூடியைத் திறந்து டார்ச் அடித்து மஞ்சள் பொடி தெரிகிறதா என்று பார்க்கிறேன். அது தெரிகிற அன்றைக்கு வேண்டும் என்று, பெட்டி அமர்ந்திருக்கும் குழியின் அகலம், உயரம், ஆழம் மூன்றையும் அலமாரிக் கதவின் உட்பக்கம் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். ஒயர் போகவேண்டிய தூரத்தையும்.