ஸ்பைடர் பிளான்ட்டா, மணி பிளான்ட்டா, மருளா: தருமபுரித் தண்ணீரை எது தாங்கும்?

வீட்டுக்குள் தொட்டியில் வளர்க்கும் ஸ்பைடர் பிளான்ட்டின் இலை நுனி கருகினால் பார்ப்பவர் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "தண்ணி பத்தலம்மா, இன்னும் கொஞ்சம் ஊத்து." தருமபுரிக்குக் குடிவந்த முதல் வருடம் நானும் அதைத்தான் செய்தேன். நுனியில் ஓர் அரிசி நீளத்துக்குப் பழுப்பு, அதை ஒட்டி நூல் மாதிரி ஒரு மஞ்சள் கோடு. கத்தரிக்கோலால் வெட்டிவிட்டால் சில நாளில் வெட்டிய இடமே மறுபடி கருகும். ஊற்ற ஊற்ற மேலே நுனி காய்ந்தது, கீழே வேர் அழுகியது. கோளாறு அந்தத் தண்ணீரிலேயே இருக்கிறது என்று புரிய இரண்டு செடிகள் போயின.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரிந்ததுதான். பல்லில் காவி ஏறிய பெரியவர்களைப் பார்த்தே வளர்ந்திருப்பார்கள். 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முக்கிய நோக்கங்களில் ஒன்றே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பதுதான். இப்போது பல வீடுகளில் குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். செடிக்குப் போவதும் போர் தண்ணீர்தான். வேர் உறிஞ்சிய நீர் இலை வழியாக ஆவியாகிவிடும். அதிலிருக்கும் ஃபுளோரைடு ஆவியாகாது, இலை நுனிக்குப் போய்த் தங்கிக்கொள்ளும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருந்தாலே ஸ்பைடர் பிளான்ட், டிரசீனா போன்ற மென்மையான செடிகளின் நுனி கருக அது போதும். நம் குடிநீருக்கு அனுமதிக்கும் உச்ச வரம்பே 1.5 என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் இந்த ஊரில் முதல் செடி வாங்குகிறவர் எது அழகு என்று பார்ப்பதற்கு முன்னால், தன் வீட்டுக் குழாயில் வருவது எந்தத் தண்ணீர் என்று பார்க்க வேண்டும்.

போர் தண்ணீர் மட்டும்தான் என்றால் என் முதல் ஓட்டு மணி பிளான்ட்டுக்கு. தண்ணீரைப் பற்றி அது அவ்வளவாகக் குறைப்பட்டுக்கொள்வதில்லை. இன்னொரு காரணம், அது பேசும். தாகம் எடுத்தால் இலை தொய்யும். ஊற்றினால் சில மணி நேரத்தில் நிமிரும். மண்ணில் ஈரம் இருந்தும் அடி இலைகள் மஞ்சளானால் ஊற்றியது அதிகம் என்று அர்த்தம். புதிதாக வளர்க்கிறவருக்குப் பாடம் சொல்லித்தர இதைவிட நல்ல செடி இல்லை. காசும் வேண்டாம். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு கொடி கேட்டு வாங்கி, கணுவுக்கு ஒரு விரல் கீழே வெட்டி, கணு முங்கும்படி பாட்டிலில் வையுங்கள். இலைக்காம்பு பக்கத்தில் பழுப்பாக ஒரு சிறு முண்டு தெரிகிறதே, வேர் அங்கிருந்துதான் வரும். கணு இல்லாத தண்டை மாதக்கணக்கில் வைத்தாலும் வேர் விடாது. வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றிவிடுங்கள்.

ஸ்நேக் பிளான்ட் வேறு குணம். நம் பக்கத்துக் கரடுகளில் வளரும் மருளுக்கு அது நெருங்கிய சொந்தம். அந்தக் காலத்தில் வில்லுக்கு நாண் திரித்தது மருள் நாரில்தான். வறட்சிக்குப் பழகிய சாதி என்பதால் பத்து, பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஊற்றினால் போதும். ஊருக்குப் போய்விட்டு வந்தாலும் அப்படியே நிற்கும். என் வீட்டில் போர் தண்ணீரிலேயே பெரிய குறை இல்லாமல் இருக்கிறது. ஆனால் இது பேசாத செடி. அடி அழுகி, இலை சாய்ந்து, கையில் பிடித்தால் கொழகொழவென்று வரும்போதுதான் தெரியும். அதற்குள் காலம் கடந்திருக்கும். தினமும் ஒரு டம்ளர் ஊற்றியே ஆகவேண்டும் என்று கை துறுதுறுக்கிறவர்கள் இதை வாங்காமல் இருப்பது நல்லது.

வெளிச்சம் குறைந்த அறைக்கு ஜீஜீ பிளான்ட். மண்ணுக்கடியில் கிழங்கில் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், மாதம் ஒருமுறை ஊற்றினாலும் தாங்கும். வளர்ச்சி மட்டும் ரொம்ப மெதுவு.

சரி, ஸ்பைடர் பிளான்ட்டை ஒதுக்கிவிடலாமா? எனக்கு மனம் வரவில்லை, அதற்குக் காரணமும் இருக்கிறது. மணி பிளான்ட், ஜீஜீ இரண்டின் இலையிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் உண்டு. குழந்தை கடித்தால் வாய் எரியும், நாக்கு வீங்கும். ஸ்நேக் பிளான்ட்டைத் தின்றாலும் வாந்தி வரலாம். தவழும் குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் பயமில்லாமல் கை எட்டும் உயரத்தில் வைக்கக்கூடியது இந்த நான்கில் ஸ்பைடர் பிளான்ட் ஒன்றுதான். நம் தண்ணீர் கெடுப்பதும் அதைத்தான். அப்படிப்பட்ட வீட்டில் செடியை மாற்றாதீர்கள், தண்ணீரை மாற்றுங்கள்.

இதில்தான் தவறான யோசனைகள் அதிகம் சுற்றுகின்றன. பக்கெட்டில் பிடித்து ராத்திரி முழுக்க வைத்தால் குளோரின் போகும், ஃபுளோரைடு போகாது. கொதிக்க வைத்தால் நீர் சுண்டி ஃபுளோரைடின் அடர்த்தி கூடத்தான் செய்யும். அரிசி கழுவிய தண்ணீரும் போர் தண்ணீரில் கழுவியதுதானே. ஆர்ஓ மெஷினின் கழிவுக் குழாயில் வருவது எல்லாவற்றிலும் மோசம், உப்பும் ஃபுளோரைடும் அதில்தான் ஒன்றுசேர்ந்து வருகின்றன. வீணாகிறதே என்று செடிக்கு ஊற்றிவிடாதீர்கள், தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். நல்லது மழைத் தண்ணீர். ஐப்பசியில் மொட்டை மாடிக் குழாய்க்குக் கீழே ஒரு குடம் வைத்து, முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்து மூடி வையுங்கள். மழை இல்லாத மாதங்களில் ஒகேனக்கல் தண்ணீர். ஒரு ஸ்பைடர் பிளான்ட்டுக்கு வாரம் இரண்டு டம்ளர் போதும் என்பதால் குடிநீரிலிருந்து எடுத்தாலும் வீட்டில் யாருக்கும் குறையாது. உரத்திலும் கவனம் வேண்டும். சூப்பர் பாஸ்பேட்டில் ஃபுளோரைடு உண்டு, இந்தச் செடிக்கு மண்புழு உரம் போட்டால் போதும்.

தொட்டி விஷயத்தில் எனக்குக் குழப்பமில்லை. அதிகமாக ஊற்றும் கைக்கு மண் தொட்டி, மறந்துபோகும் கைக்கு பிளாஸ்டிக். மண் தொட்டியின் வெளிப்புறத்தில் சில மாதங்களில் வெள்ளையாக உப்பு பூக்கும். நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்பு மாதிரி உதிரும். உங்கள் தண்ணீர் எவ்வளவு கடினமானது என்று அதுவே காட்டிவிடும். ஓட்டை இல்லாத அழகுத் தொட்டியில் நேரடியாக நடவே வேண்டாம்.

ஓசூரில் இருப்பவர்கள் இந்த நாள் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த மேட்டு நிலக் குளிர்ச்சியில், மார்கழி மாதம் மண் காயத் தருமபுரியைவிட அதிக நாள் பிடிக்கும். விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் அன்றைக்கு ஊற்ற வேண்டாம்.

தண்ணீரை மாற்றியதும் கருகிய நுனி பச்சையாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள், அந்த இலை அப்படியேதான் இருக்கும். செடியின் நடுவிலிருந்து சுருண்டு வரும் புது இலையைக் கவனியுங்கள். எனக்கு அப்படி வந்த மூன்றாவது இலை ஒரு சாண் நீளம் வந்தும் நுனிவரை பச்சையாகவே இருந்தது.