கூகுள் எர்த்: மாணவரே வரையும் நிலப்படம்

கூகுள் எர்த்தை வகுப்பறைக்குப் பரிந்துரைப்பவர்கள் பெரும்பாலும் சுழலும் பூகோளத்தையும், விண்ணிலிருந்து ஊருக்குள் இறங்கும் காட்சியையுமே எடுத்துச் சொல்கிறார்கள். ஆசிரியருக்கு உண்மையில் கைகொடுப்பது, பயனரே நிலப்படக் கதையை உருவாக்கும் வசதிதான் என்பது என் உறுதியான கருத்து. 2019இல் உலாவிப் பதிப்பில் சேர்ந்த இவ்வசதிக்குக் கட்டணம் இல்லை.

தலைக்காவிரி முதல் பூம்புகார் வரை காவிரியின் போக்கை வரையும் மாணவர், கிருஷ்ணராஜசாகர், ஒகேனக்கல், மேட்டூர் என ஒவ்வோர் இடத்தையும் தாமே தேடிக் குறியிட வேண்டும்; முக்கொம்பில் கொள்ளிடம் பிரியும்போது எந்தக் கிளையைத் தொடர்வது என்று நின்று யோசிக்க வேண்டும். ஒவ்வொரு குறியிலும் படம், காணொளி, விளக்கம் ஆகியவற்றைச் சேர்க்கலாம். எந்த உயரத்திலிருந்து, எந்தக் கோணத்தில் அவ்விடம் தெரிய வேண்டும் என்பதையும் அவரே தீர்மானிக்கலாம். மேட்டூர் அணையை நேர் மேலிருந்து காட்டினால் நீர்ப்பரப்பு மட்டுமே தெரியும்; சற்றே சாய்த்தால் இருபுறத்துக் குன்றுகளும் எழுந்து, 1934இல் அணை அங்கே ஏன் அமைந்தது என்பதும் விளங்கும். பாடநூலின் ஒற்றை வரி இந்தப் புரிதலைத் தருவதில்லை.

ஆயத்தமாகக் கிடைக்கும் கதைகள் அழகானவை. ஆனால் அவற்றை மாணவர்கள் தொலைக்காட்சி பார்ப்பதுபோல் பார்த்து முடித்துவிடுகிறார்கள்.

2021இல் கூகுள் எர்த்தில் சேர்ந்த டைம்லாப்ஸ் வசதி, 1984 முதலான செயற்கைக்கோள் படங்களை வரிசையாக ஓட்டிக் காட்டுகிறது. மத்திய ஆசியாவின் ஆரல் கடலுக்கு நீர் தந்த அமு தாரியா, சிர் தாரியா ஆறுகள் பருத்திப் பாசனத்துக்குத் திருப்பிவிடப்பட்டதன் விளைவை அதில் கண்ணால் காணலாம். படத்தை ஓட்டிவிட்டு விளக்குவதைவிட, தென்பகுதி வறண்டுபோகையில் வடபகுதி மட்டும் எப்படித் தாக்குப்பிடித்தது என்று கேட்டு, 2005இல் கஜகஸ்தான் கட்டிய கொக்கரால் அணையை மாணவர்களையே கண்டறியச் செய்வது பலமடங்கு பயன் தரும். பழைய லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர் என்பதால், சிற்றூர்க் குளங்களைப் பார்க்க டைம்லாப்ஸ் உதவாது.

இணைய வேகம் குறைந்த கணினி அறைகளில் மூன்று நான்கு பேருக்கு ஒரு கணினி என்று பிரித்துத் தருவது நல்லது. அடுத்தடுத்த பகுதிகளின் படங்கள் வெவ்வேறு பருவங்களில் எடுக்கப்பட்டிருக்கலாம். ஆற்றின் ஒரு பாதி நிரம்பியும் மறுபாதி வறண்டும் தெரிவதைக் கண்டு மாணவர் தவறான முடிவுக்கு வராதிருக்க, படம் எடுக்கப்பட்ட காலத்தைக் குறிப்போடு சேர்த்து எழுதுமாறு முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.