சுருதி இறங்கிய பின்: ஜான் பிரைனின் ‘த ட்ரீ ஆஃப் ஃபர்கிவ்னெஸ்’

அமெரிக்க நாட்டுப்புற இசைமரபில் வந்த பாடகரும் பாடலாசிரியருமான ஜான் பிரைன், 2005ஆம் ஆண்டுக்குப் பிறகு தாம் புதிதாக எழுதிய பாடல்களைக் கொண்ட ஆல்பம் எதையும் வெளியிடாமலே இருந்தார். பொறுத்துப் பார்த்த மனைவியும் மகனும், கிதார்களையும் எழுதி முடிக்காத பாடல் தாள்கள் அடைத்த பெட்டிகளையும் கொடுத்து, நாஷ்வில் நகரின் ஹோட்டல் ஒன்றில் ஒரு வாரம் தங்கி எழுதும்படி அவரை அனுப்பிவைத்தார்கள். அதன் பலனாக 2018 ஏப்ரலில், அவருடைய 71ஆம் வயதில் வெளிவந்தது இந்த ஆல்பம். பாடல்கள் பத்து, அனைத்தையும் கேட்டு முடிக்க அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகும்.

இல்லினாய் மாநிலத்தில் தபால்காரராக வேலை பார்த்துக்கொண்டே பாட்டு எழுதத் தொடங்கியவர் பிரைன். 1971இல் வந்த முதல் ஆல்பத்தில் அவர் குரல் மூக்கொலியோடு மேலே நின்று ஒலிக்கும். 1998இல் கழுத்துப் புற்றுநோய்க்குச் செய்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்தக் குரல் கீழிறங்கிக் கரகரத்துப்போனது. பழைய பாடல்களைக்கூடச் சுருதியைக் குறைத்துத்தான் பாட வேண்டியிருந்தது. 2013இல் நுரையீரலிலும் புற்றுநோய் வந்தது. இத்தனைக்கும் பிறகு எஞ்சிய குரலைத் தயாரிப்பாளர் டேவ் காப் எந்த இடத்திலும் மெருகேற்ற முயலவில்லை என்பதே இந்த ஆல்பத்தின் முதல் பலம். ‘சம்மர்ஸ் எண்ட்’ பாடலில் கிதார் மெல்ல நடந்துகொண்டிருக்க, குரல் சொல்லுக்குச் சொல் கால் ஊன்றி வருகிறது. பல்லவியில் யாரையோ வீட்டுக்குத் திரும்பி வரச் சொல்கிறார். போனவர் யார், ஏன் போனார் என்று பாடல் விளக்குவதில்லை. இளமைக் குரலில் இது காதலியை அழைப்பதாக மட்டுமே கேட்டிருக்கும். இந்தக் கரகரப்பில் மகனையோ மகளையோ தேடும் தகப்பனின் அழைப்பாகவும் கேட்கிறது.

பிரைனின் குறும்பும் குறையவில்லை. குடும்பம் விட்டுப்போன ஒருவனிடம் பழைய ஒலிநாடா ஒன்றுதான் மிச்சம் என்கிறது முதல் பாடல். 2006இல் கோள் என்ற தகுதியை இழந்த புளூட்டோ, இன்னொரு பாடலில் ஹாலிவுட்டின் சுஷி கடை ஒன்றில் பொழுதைக் கழிக்கிறது. அந்தப் பாடல் புளூட்டோவை நட்சத்திரம் என்று குறிப்பிடுவதை வானியல் தெரிந்தவர்கள் பெருந்தன்மையோடு விட்டுவிடலாம்.

எல்லாப் பாடல்களும் ஒரே தரத்தில் இல்லை. ‘கேரவன் ஆஃப் ஃபூல்ஸ்’ பாடலின் இறுக்கமான தொனி மற்றவற்றோடு ஒட்டாமல் தனித்து நிற்கிறது. ‘நோ ஆர்டினரி புளூ’ கேட்கும்போது இனிக்கிறது, முடிந்ததும் மறந்துபோகிறது. பிராண்டி கார்லைல், ஜேசன் இஸ்பெல், அமாண்டா ஷயர்ஸ் போன்ற பிரபலங்கள் உடன் பாடியிருந்தும் முன்னால் வந்து நிற்காமல் அடக்கமாகப் பின்தங்கியிருப்பது பாராட்டத்தக்கது.

கடைசிப் பாடலான ‘வென் ஐ கெட் டு ஹெவன்’ ஒன்றுக்காகவே இந்த ஆல்பத்தை வாங்கலாம். சரணங்களை அவர் பாடுவதில்லை, திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்பவரைப் போலப் பேசுகிறார். பல்லவி வந்ததும் பியானோவும் ஊதுகுழல்களும் கூட்டத்தின் குரலும் திருவிழாவாகச் சேர்ந்துகொள்கின்றன. சொர்க்கத்துக்குப் போனதும் கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுவாராம். புற்றுநோயால் சிகரெட்டைக் கைவிட்ட மனிதர், அங்கே ஒன்பது மைல் நீளச் சிகரெட்டைப் பற்றவைப்பாராம். 2020 ஏப்ரலில் கொரோனா தொற்றால் அவர் இறந்த பிறகு பலரும் இதை விடைபெறும் பாடலாகவே கேட்கிறார்கள். ஆனால் பாட்டில் துக்கத்தின் சாயலே கிடையாது. அங்கே அவர் திறக்கப்போகும் இரவு விடுதியின் பெயர்தான் ஆல்பத்துக்கும் பெயர்: ‘மன்னிப்பின் மரம்’ என்று பொருள். தமக்குத் தீங்கு செய்த எல்லாரையும் மன்னித்துவிடுவதாகச் சொல்கிறார். விமர்சகர்கள் சிலருக்கும் அங்கே அழைப்பு உண்டு: முதலில் நல்ல வசவு, பிறகு அவர் செலவில் ஒரு கோப்பை பீர்.