பழைய கல்லுப் பதக்கமா, புதிதாகச் செய்விப்பதா?

யாழ்ப்பாணத்தில் நகைக்கடைகள் நிறைந்த கஸ்தூரியார் வீதிப் பக்கம் பதக்கம் தேடுகிறவர்களுக்கு இரண்டு வழி: யாரோ விற்கிற பழைய கல்லுப் பதக்கம், இல்லையென்றால் புதிதாகச் செய்விப்பது.

என் மனம் பழையதில்தான் நிற்கும். கையால் இழைத்த அந்தப் பூவேலை இன்றைய அச்சு வார்ப்பில் வராது. ஆனால் தராசு காட்டும் எடை முழுவதும் தங்கம் அல்ல. கல்லின் எடை இருக்கும்; பின்பக்கம் மூடியிருந்தால் உள்ளே அரக்கும் இருக்கலாம். அதைக் கழிக்காமல் பவுண் கணக்கில் காசு கொடுக்காதீர்கள். அப்புறம், பழசு என்றாலே கல் இயற்கையானது என்று நம்பிவிடக் கூடாது. செயற்கை மாணிக்கம் செய்யும் முறை 1902இலேயே வெளிவந்துவிட்டது. அம்மம்மா காலத்து நகையிலும் அது இருக்கலாம். உருப்பெருக்கிக் கண்ணாடியில் வளைந்த கோடுகள் தெரிந்தால் செயற்கைதான். கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகார சபையில் கல்லைச் சோதிக்கலாம். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

புதியதில் இந்தச் சிக்கல் குறைவு. 22 கரட் என்றால் ஆயிரத்தில் சுமார் 916 பங்கு தங்கம். தங்கம், கல், கூலி மூன்றையும் பற்றுச்சீட்டில் தனித்தனியாக எழுதி வாங்கலாம். தினமும் போட இதுவே தோது. கல்யாணத்துக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் மட்டும் என்றால், சோதனையில் தேறிய பழைய பதக்கத்தையே எடுப்பேன். கழுவும்போது சுடுதண்ணீர் மட்டும் வேண்டாம், அரக்கு இளகிவிடும்.