மான்செஸ்டரில் ஒரு நாள்: ஊருக்குள் சுற்றுவதா, ஸ்டயல் மில்லுக்குப் போவதா?

கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று கேட்டே வளர்ந்தவர்களுக்கு, அசல் மான்செஸ்டருக்குப் போய்விட்டு மில்லைப் பார்க்காமல் திரும்ப மனசு வராது. கையில் ஒரே நாள்தான் என்றால் இரண்டில் ஒன்றைத்தான் நிதானமாகப் பார்க்க முடியும். ஒன்று, ஊருக்குள் நடந்து சுற்றுவது. இன்னொன்று, விமான நிலையத்தை ஒட்டிய ஸ்டயல் கிராமத்தில் இருக்கும் குவாரி பேங்க் மில். இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் என் ஓட்டு குவாரி பேங்குக்கு.

ஊருக்குள் செலவு கம்மி, அதை மறுக்க முடியாது. பழைய மில்கள் இருக்கும் ஆன்கோட்ஸ் பகுதியில் கால்வாய் ஓரமாக நடந்தால் 1798-ல் கட்டிய மர்ரே மில் செங்கல் சுவரோடு அப்படியே நிற்கிறது, ஆனால் உள்ளே இப்போது அடுக்குமாடி வீடுகள். பார்க்க அழகுதான், இங்கே என்ன வேலை நடந்தது என்பது மட்டும் சுவரைப் பார்த்துத் தெரியாது. அறிவியல் தொழில் அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, நூற்பு, நெசவு இயந்திரங்கள் அங்கேயும் உண்டு. பழுதுபார்ப்பு வேலை நடப்பதால் எந்தக் கட்டடம் திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

ஊருக்குள் என்னை நிறுத்தி வைத்த இடம் ராயல் எக்ஸ்சேஞ்ச். ஒரு காலத்தில் பஞ்சும் துணியும் விலை பேசிய பெரிய மண்டபம், 1976 முதல் நாடக அரங்கு. அண்ணாந்து பார்த்தால் உயரத்தில் ஒரு விலைப் பலகை, அதில் 1968-ல் வியாபாரம் முடிந்த கடைசி நாளின் விலைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் அமெரிக்க அதிபர் லிங்கனின் சிலை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பஞ்சு வராமல் இந்தப் பக்கத்து மில்கள் மூடி, பட்டினி கிடந்தபோதும் அடிமை முறைக்கு எதிராக நின்ற தொழிலாளர்களுக்கு அவர் 1863-ல் எழுதிய கடிதத்தின் வரிகள் பீடத்தில் இருக்கின்றன.

இதற்கெல்லாம் அரை நாள் போதும். குவாரி பேங்குக்கு முழு நாள் வேண்டும், டிக்கெட்டும் வாங்க வேண்டும். பாலின் (Bollin) என்ற ஆற்றின் தண்ணீரை நம்பி சாமுவேல் கிரெக் 1784-ல் தொடங்கிய மில் இது. தறியை ஓட்டிக் காட்டுகிறார்கள். குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா அடித்து அடித்து ஓடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது, இத்தனைக்கும் ஓடுவது சில தறிகள்தான். இந்த வட்டாரமான லங்காஷயரின் நெசவுப் பெண்கள் உதட்டசைவைப் பார்த்தே பேசிப் பழகியது ஏன் என்று அங்கே நின்றால் சட்டென்று புரிந்துவிடும். நூற்பு இயந்திரத்துக்கு அடியில் பஞ்சுத் தூசி பொறுக்கத் தவழ்ந்து போனது சின்னப் பிள்ளைகள். ஏழைகளை வைத்திருந்த விடுதிகளிலிருந்து கொண்டுவந்த அப்படிப்பட்ட பிள்ளைகள் சுமார் 90 பேர் தங்கிய வீடு மில்லிலிருந்து கொஞ்சம் நடந்தால் வருகிறது, அதைத் தவற விடாதீர்கள். கிரெக் குடும்பத்துக்கு கரீபியன் கடலில் இருக்கும் டொமினிக்கா தீவில் அடிமைகள் உழைத்த தோட்டம் இருந்ததையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் இந்த இடம் முழுசாகப் புரியும்.

சின்னக் குழந்தைகளோடு போகிறீர்கள், மழை வேறு பெய்கிறது என்றால் சரி, ஊருக்குள்ளேயே இருங்கள். மற்றபடி காலையிலேயே ஸ்டயலுக்குக் கிளம்பிவிடுங்கள், சாயங்காலம் ஊருக்குத் திரும்பி நேரமிருந்தால் அந்த விலைப் பலகையை மட்டுமாவது ஒரு பத்து நிமிடம் பார்த்துவிடலாம்.