வெளிநாட்டில் ஆசிரியப் பணி: பள்ளி தந்த மருத்துவக் காப்பீட்டுடன் ஒன்பது ஆண்டுகள்

ஒன்பது ஆண்டுகளில் மூன்று நாடுகளில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றி, அந்தந்தப் பள்ளி நிர்வாகம் எடுத்துத் தந்த மூன்று மருத்துவக் காப்பீடுகளைப் பயன்படுத்தியிருக்கிறேன். எனக்குச் சர்க்கரை நோய் இருப்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அவற்றின் உதவியை நாட வேண்டியிருந்தது.

அவசரச் சிகிச்சையைப் பொறுத்தவரை எனக்கு முழு நிறைவு. இரண்டாம் ஆண்டில் குடல்வால் அழற்சியோடு நள்ளிரவில் மருத்துவமனைக்குச் சென்றபோது, காப்பீட்டு அட்டையைப் பார்த்ததும் அவர்களே நிறுவனத்திடம் முன் அனுமதி பெற்று, விடிவதற்குள் அறுவைச் சிகிச்சையை முடித்துவிட்டார்கள்.

நாள்பட்ட நோய்க்கு அந்த வேகம் இல்லை. முதல் ஒப்பந்தத்தில், முன்பே உள்ள நோய்களுக்கு 12 மாதக் காத்திருப்புக் காலம் விதிக்கப்பட்டிருந்ததால், ஓராண்டுக்கு மாத்திரை, பரிசோதனை, மருத்துவர் கட்டணம் அனைத்தும் என் சம்பளத்திலிருந்தே போயின. பணி நேர்காணலில் வீட்டு வாடகைப் படி, விமானப் பயணச்சீட்டு வரை விளக்கியவர்கள் இதைப் பற்றிப் பேசவேயில்லை.

நாடு மாறும்போது மருத்துவ அறிக்கையின் அலகும் மாறலாம் என்பதை இரண்டாவது நாட்டில்தான் அறிந்தேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை என்ற இடத்தில் 8.2 என்றும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்ற இடத்தில் 53 என்றும் அச்சிட்டிருந்ததைக் கண்டு திகைத்துப்போனேன். முன்னதை 18 ஆல் பெருக்கினால் நமக்குப் பழக்கமான மில்லிகிராம் கணக்கில் ஏறக்குறைய 148 வரும். பின்னது 7 சதவீதத்துக்குச் சமம். மருந்துப் பெயர்களிலும் இதே சிக்கல் உண்டு: பாராசிட்டமால் சில நாடுகளில் அசிட்டமினோஃபென் என்றே விற்கப்படுகிறது. ஆகவே மருந்துச் சீட்டில் வணிகப் பெயரோடு மூலப்பெயரையும் எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்வது மிக அவசியம்.

என்னை உண்மையில் வருத்தியது இரண்டு ஒப்பந்தங்களுக்கு இடைப்பட்ட காலம். பழைய பள்ளியின் காப்பீடு ஜூலை 31 அன்று முடிந்தது; புதியது செப்டம்பர் 1 அன்றுதான் தொடங்கியது. அந்த ஆகஸ்டில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்ட செலவு என்னுடையது என்பதை ஏற்றுக்கொண்டேன். ஆனால், அதன் பிறகு கரும்பலகையில் எழுதவே இயலாமல் தேவைப்பட்ட இயன்முறைச் சிகிச்சைக்கும், பாலிசி தொடங்கும் முன் ஏற்பட்ட காயம் என்று கூறிப் புதிய நிறுவனம் பணம் தர மறுத்துவிட்டது. வெளிநாட்டு ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறையில்தான் பள்ளி மாற்றம் நடக்கிறது என்பது தெரிந்திருந்தும், அந்த இடைவெளியை நிர்வாகங்கள் கண்டுகொள்ளாமல் விடுவது பெரிய அநீதி என்றே கருதுகிறேன்.

மூன்றாவது பள்ளியில், பழைய காப்பீடு முடியும் மறுநாளே புதியது தொடங்கும் என்பதையும், முன்பே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் கிடையாது என்பதையும் எழுத்தில் பெற்ற பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன். அந்தக் கடிதம் வந்து சேர எட்டு நாள் ஆயிற்று, காத்திருந்தேன்.