ஸ்லோ குக்கரா, சூடாறாப்பெட்டியா: ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

துபாயிலிருந்து மைனி (மதினி) ஊருக்கு வந்தபோது, பெட்டியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு ஸ்லோ குக்கரும் வந்தது. 6 லிட்டர், கரண்டில் மெதுவான சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கிற ரகம். உள்ளே கனத்த பீங்கான் பானை, மேலே கண்ணாடி மூடி. "நீ வேலைக்குப் போறவ. ராத்திரி போட்டுட்டுத் தூங்கு, காலைல வெந்து கெடக்கும்" என்று கையில் கொடுத்தார். பிளக்கில் மூன்று சதுரக் கம்பி. நம்ம சுவரில் நுழையாது. களியக்காவிளையில் ஒரு அடாப்டர் வாங்கி மாட்டிய அன்றைக்கே மாமி கேட்டார்: "இதுக்கும் நம்ம சூடாறாப்பெட்டிக்கும் என்ன மக்ளே வித்தியாசம்?"

ஒரு வருஷமாக அந்தக் கேள்வியோடுதான் சமைக்கிறேன். வீட்டில் ஆறு பேர். நானும் அவரும் காலை ரயிலில் குமரி மாவட்டத்துக் குழித்துறையிலிருந்து திருவனந்தபுரம் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ஆக்கி வைத்தால் புதன் ராத்திரி வரை ஓட வேண்டும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது. எங்கள் தேவை அவ்வளவுதான்.

சூடாறாப்பெட்டி தெரியாதவர்களுக்கு: எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், இது பழைய சங்கதி. 1962-ல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம், புகை குறைந்த அடுப்போடு சேர்த்து இதையும் ஊர் ஊராகப் பரப்பியது. பெட்டிக்குள் வைக்கோலோ தெர்மோகோலோ பழைய துணியோ அடைத்து, நடுவில் பானை உட்காரக் குழி. கொதிக்கிற பானையை அப்படியே உள்ளே இறக்கி மூடினால், மீதி வேக்காட்டைப் பானையின் சொந்தச் சூடே பார்த்துக்கொள்ளும். இப்போது கடையில் 'தெர்மல் ரைஸ் குக்கர்' என்ற பெயரில் எவர்சில்வரில் கிடைக்கிறது. மாமியிடம் இருப்பது பலகைப் பெட்டி. ஓரத்தில் எலி கடித்த தடம் இருக்கிறது, வேலை மட்டும் குறையவில்லை.

முதலில் சோறு, ஏனென்றால் காசு அதிகம் போவது அதில்தான். சம்பா அரிசியைத் திறந்த பானையில் வைத்தால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தீ எரிய வேண்டும். பெட்டி என்றால் தண்ணீர் தாராளமாக விட்டு, தளதளவென்று 15, 20 நிமிஷம் கொதிக்கவிட்டு, மூடியை இறுக்கி இறக்கிவிடுவேன். ஒன்றரை மணி நேரம் கழித்து எடுத்து வடித்தால் பருக்கை பருக்கையாகச் சோறு, பக்கத்தில் கஞ்சித்தண்ணி. கியாஸ் எரிந்தது பாதிக்கும் குறைவான நேரம். ஒரு நாள் சந்தைக்குப் போனவள் பேச்சில் நின்று நேரம் போனது தெரியாமல் மூன்று மணி நேரம் கழித்து வந்தேன். திறந்தால் கூழ். அன்றைக்கு ராத்திரி எல்லோருக்கும் கஞ்சியும் பயறும்.

அதே அரிசியை ஸ்லோ குக்கரிலும் போட்டுப் பார்த்தேன். ஓரம் குழைந்து, நடுவில் விறைத்து, வடிக்கவும் வழியில்லாமல் நின்றது. சம்பா சோறுக்கு அது ஆகாது.

கரண்ட் கணக்குக்கு வருகிறேன். ஸ்லோ குக்கரின் அடியில் 240 வாட் என்று போட்டிருக்கிறது. 8 மணி நேரம் முழு வீச்சில் ஓடினால் 1.92 யூனிட், 'லோ'வில் வைத்தால் இன்னும் குறையும். வாரத்துக்கு மூன்று முறை போட்டால் இரண்டு மாதத்துக்குக் கூடிப்போனால் 50 யூனிட். கேட்க அற்பம்தான். ஆனால் இங்கே தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே கனத்துவிடும். ஏற்கெனவே 470-ல் நிற்கிற வீட்டுக்கு இந்த 50 யூனிட் எமன். கேரளத்துப் பாறசாலையில் இருக்கும் சித்தி வீட்டில் இன்னும் கறார்: மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த விலை. அதனால் ஸ்லோ குக்கர் மலிவா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, போன கரண்ட் பில்லில் எத்தனை யூனிட் என்பதுதான்.

சரி, அப்படியானால் அந்தப் பீங்கான் பானை எதற்கு? கறிக்கு. அதில் அதை அடிக்க ஆளில்லை. விலை குறைந்த, நார் ஓடிய மாட்டிறைச்சி, கழுத்து, கால் சதை, ஆட்டுக்கால், எலும்பு, இவையெல்லாம் மெதுவான சூட்டில்தான் இளகும். சதைக்கு இடையிலுள்ள சவ்வு கரைந்து குழம்புக்கே ஒரு பிசுபிசுப்பு வரும். பிரஷர் குக்கரில் ஏழெட்டு விசில் விட்டால் கறி வேகும்தான், ஆனால் துண்டு சிதறிவிடும். சூடாறாப்பெட்டியில் கறி வைப்பதை நான் விட்டுவிட்டேன். சூடு கீழே இறங்கிக்கொண்டே போகிற சாதனத்தில் இறைச்சியை மணிக்கணக்கில் விடுவது எனக்கு மனசு ஒப்பாத காரியம். உணவு 60 டிகிரிக்குக் கீழே போனால் கிருமிக்குக் கொண்டாட்டம்.

ஸ்லோ குக்கரில் நம்ம ஊர்க் குழம்பு வைக்க இரண்டு மூன்று விஷயம் பழக வேண்டும். ஆவி வெளியே போகாது, அதனால் வழக்கமாக விடும் தண்ணீரில் பாதி போதும். வெங்காயமும் மசாலாவும் தனியாக வதக்கித்தான் போட வேண்டும். அப்படியே கொட்டினால் எட்டு மணி நேரம் கழித்தும் மல்லித்தூளின் பச்சை வாசனை போகாது. தேங்காய்ப்பால் கடைசியில்தான், முதலிலேயே விட்டால் திரிந்துவிடும். தாளிப்பும் கடைசியில். ஆக, 'போட்டுட்டுத் தூங்கு' என்று மைனி சொன்னது பாதிதான் சரி; தூங்கப் போகும் முன் அரை மணி நேரம் வாணலியோடு நிற்கணும்.

மொத்தச் சமையலுக்கு அளவு முக்கியம். பிரஷர் குக்கரில் பயறு, பருப்பு, கடலை என்றால் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. பொங்கி வந்து வால்வை அடைக்கும். 5 லிட்டர் குக்கர் கடலைக்கு உண்மையில் இரண்டரை லிட்டர்தான். ஸ்லோ குக்கரில் முக்கால் பானை வரை போகலாம். பெட்டி இதற்கு நேர் மாறு: பானை நிறைய இருந்தால்தான் சூடு நிற்கும். கால் பானை வைத்தால் வேக்காடு பாதியில் நிற்கும். ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்குப் பெரிய சூடாறாப்பெட்டி வாங்காதீர்கள்.

கொண்டைக்கடலைக்கு எங்கள் வீட்டில் குக்கர்தான். ராத்திரி ஊறவைத்து, காலையில் விசில் விட்டு, அரை மணி நேரத்தில் கை கழுவலாம். சிறுபயறு பெட்டியிலேயே வெந்துவிடும், 10 நிமிஷக் கொதி போதும். எதில் வைத்தாலும் புளியைக் கடைசியில் கரைத்து விடுங்கள்; புளிப்பு சேர்ந்தால் பயறு மெத்தென்று ஆகாமல் முரண்டு பிடிக்கும்.

இரண்டு பொருளை மட்டும் ஸ்லோ குக்கர் பக்கமே கொண்டு போகாதீர்கள். ஒன்று, வேகவைக்காத ராஜ்மா. அதில் ஒரு நச்சுப்புரதம் உண்டு. நன்றாகக் கொதித்தால்தான் அழியும். சில ஸ்லோ குக்கர் கொதிநிலையைத் தொடுவதே இல்லை, அரைகுறைச் சூட்டில் அந்த நச்சு குறைவதற்குப் பதில் கூடும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டி, அடுப்பில் அரை மணி நேரம் தளதளவெனக் கொதிக்கவைத்த பிறகு வேண்டுமானால் போடலாம். இன்னொன்று, மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி). நம்ம பாட்டிமார் நிறையத் தண்ணீரில் திறந்து வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டியது சும்மா இல்லை. கிழங்கில் சயனைடு விடும் சேர்மம் இருக்கிறது. மூடிய பானையில், வடிக்காமல் வைக்கிற பொருள் இல்லை அது.

என் பெரிய தோல்வி ஜூன் மழையில் நடந்தது. ஒன்றரைக் கிலோ மாட்டிறைச்சியைப் போட்டுவிட்டுப் படுத்தேன். விடியக்காலம் எழுந்து பார்த்தால் குக்கரின் முகப்பில் '00:00' மினுங்கிக்கொண்டிருக்கிறது. ராத்திரி எப்போதோ கரண்ட் போய் வந்திருக்கிறது; திரும்பி வந்ததும் தானாக ஓடாத ரகம். பானை வெதுவெதுப்பாக இருந்தது, வாசனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாமி கரண்டியை எடுத்துவிட்டார். எத்தனை மணி நேரம் அப்படிக் கிடந்தது என்று தெரியாததால் நான் கொட்டச் சொன்னேன். ஒன்றரைக் கிலோ கறி தென்னை மூட்டில் போனது. புதிதாக வாங்குகிறவர்கள், பளபளப்பு டிஜிட்டலை விட்டுவிட்டு, சாதாரணத் திருகு வைத்ததை வாங்குங்கள். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். அதுவும் ராத்திரியில் வேண்டாம். நான் இப்போது ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போட்டு, கண் முன்னால் வேகவிடுகிறேன்.

ஆக்கிய பிறகு நடப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 4 லிட்டர் குழம்பு பீங்கான் பானையோடு கிடந்தால் ராத்திரி வரை ஆறாது. உடனே அகலமான மூன்று நான்கு பாத்திரத்தில் பிரித்து, தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வைக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விடும். பீங்கானைச் சூடாகத் தண்ணீரில் வைக்காதீர்கள், கீறல் விடும். இன்னொரு பழக்கம்: மொத்தமாக ஆக்குவதில் தேங்காய் அரைத்து விடுவதில்லை. தேங்காய் சேர்த்ததுதான் முதலில் ஊசும். வெந்த கறியையும் கடலையையும் மசாலாவோடு மட்டும் வைத்து, அன்றன்றைக்கு வேண்டியதை எடுத்து, தேங்காய் அரைத்துக் கொதிக்கவிடுவேன். திங்கள்கிழமை அது கறிக்குழம்பு, செவ்வாய்க்கிழமை தேங்காய்க்கொத்துப் போட்டுச் சுண்டவைத்த வறுவல்.

மண்சட்டியும் ரப்பர் விறகும் தேங்காய்க் கதம்பையும் சும்மா கிடைக்கிற வீட்டில் இந்தப் பஞ்சாயத்தே தேவையில்லைதான். எங்கள் வீட்டுக் கொல்லையில் அடுப்பு இருக்கிறது, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து தள்ளிக் கொடுக்க ஆள் வேண்டும். மாமிக்குப் புகை ஒத்துக்கொள்வதில்லை. மீன்குழம்பு மட்டும் அதில்தான் வைப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார். அதில் நான் தலையிடுவதில்லை.

இப்போதைய ஏற்பாடு இது: சோறும் சிறுபயறும் பெட்டிக்கு, கடலை குக்கருக்கு, கறியும் எலும்பும் வாரத்துக்கு ஒரு முறை ஸ்லோ குக்கருக்கு. கையில் காசு கம்மி, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் தெர்மல் குக்கரை வாங்குங்கள், கறியை இருக்கிற குக்கரில் சமாளிக்கலாம். மைனி போன வாரம் போனில் கேட்டார், குக்கர் எப்படி ஓடுதென்று. நல்லா ஓடுது மைனி என்றேன். போனை வைத்ததும், அவர் அடுத்த தடவை வரும்போது களியக்காவிளையில் ஒரு தெர்மல் குக்கர் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று மாமி சொன்னார்.